சிவப்புத் தொப்பிக்காரர்கள்

கேள்வி: மிலிட்டரி போலீஸில் உச்சப் பதவி எது? அவரைக் கண்டால் எல்லோரும் நடுங்குவார்களாமே?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: ப்ரொவோஸ்ட் மார்ஷல். நடுங்கலாம், ஆனால் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 107-வது பிரிவு அவர் கையையும் கட்டித்தான் வைத்திருக்கிறது. குற்றம் செய்த சிப்பாயைப் பிடித்து விசாரணைக்காகக் காவலில் வைக்கலாம். ராணுவ நீதிமன்றம் விதித்த தண்டனையை நிறைவேற்றலாம். தாமாக ஓர் அடிகூடக் கொடுக்க முடியாது! பிடிபடுபவர் அதிகாரியாக இருந்தால், இன்னொரு அதிகாரியின் உத்தரவு வேண்டும். நம்மூர் லாக்கப்புகளை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது.

உங்கள் வீட்டில் பெண் பிள்ளைகள் உண்டா? இந்தப் படையில் சிப்பாய்களாகச் சேர்ந்த முதல் பெண்கள் அணி, 83 பேர், பெங்களூருவில் பயிற்சி முடித்தது 2021 மே மாதத்தில்.