பைக்கை வெட்டும் முன் கம்ப்யூட்டரில் ஒட்டிப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் பாட்டுக் கேட்கிறார்கள், படம் பார்க்கிறார்கள், சீட்டு விளையாடுகிறார்கள். இரண்டாவது மாதம், "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். வீட்டில் ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று இருந்தால் அதற்கு நல்ல பதில் ஒன்று உண்டு. பைக்கின் தோற்றத்தை மாற்ற நினைப்பவர்கள் மெக்கானிக்கிடம் பணம் கொடுப்பதற்கு முன், இரண்டு இலவச புரோகிராம்களைக் கொண்டு அந்த மாற்றத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாம். ஒன்று, படங்களைத் திருத்த உதவும் ஜிம்ப். மற்றொன்று, லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க். முதலாவது அழகைக் காட்டும். இரண்டாவது அந்த அழகுக்கு நாம் கொடுக்கும் விலையைக் காட்டும்.

என் சித்தி மகன் 2009ஆம் ஆண்டு மாடல் யமஹா ஆர்15 ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினான். தினமும் வேலைக்கு நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் போய் வருகிறான். நிறத்தை மாற்ற வேண்டும், பின்னால் அகலமான டயர் போட வேண்டும், சத்தமான சைலன்சர் மாட்ட வேண்டும் என்று மூன்று ஆசைகள். "அண்ணா, டயர் ஒல்லியாக இருப்பதால் வண்டியே பார்க்கச் சகிக்கவில்லை" என்றான். அவனுக்காக நான் செய்து காட்டியதையே இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

<b>முதலில் படம்</b>

பைக்கை நேராக நிறுத்தி, பக்கவாட்டில் இருந்து ஒரு போட்டோ எடுங்கள். மிக அருகில் நின்று எடுத்தால் சக்கரங்கள் கோணலாகத் தெரியும். சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்து எடுப்பது நல்லது. ஜிம்ப் புரோகிராமில் ஃபைல் மெனு சென்று ஓப்பன் மூலம் அந்தப் படத்தைத் திறக்கவும்.

இப்போது லேயர் என்ற வசதியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு படத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து, அந்தத் தாளில் வண்ணம் தீட்டுவதாக நினைத்துக் கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் தாளை எடுத்துவிடலாம். அடியில் உள்ள படம் அப்படியே இருக்கும். அந்தக் கண்ணாடித் தாள்தான் லேயர்.

1. ஃப்ரீ செலக்ட் டூலை எடுத்து, ஃபேரிங் எனப்படும் முன்பக்க உறையின் ஓரமாகப் புள்ளி புள்ளியாகக் கிளிக் செய்து வாருங்கள். தொடங்கிய புள்ளிக்கே வந்து கிளிக் செய்து, என்டர் தட்டினால் அந்தப் பகுதி மட்டும் தேர்வாகும்.

2. லேயர் மெனுவில் நியூ லேயர் தேர்ந்தெடுத்து, டிரான்ஸ்பரன்ட் ஆக ஒரு லேயரை உருவாக்கவும்.

3. பிடித்த வண்ணத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கெட் ஃபில் டூலால் தேர்வுக்குள் கிளிக் செய்யவும். உறை முழுவதும் பெயின்ட்டைக் கொட்டியது போல் ஆகும். பயப்பட வேண்டாம்.

4. லேயர் பட்டியலுக்கு மேல் மோட் என்று ஒரு கட்டம் உள்ளது. அதில் எச்.எஸ்.எல். கலர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உறையின் பளபளப்பும் நிழலும் மீண்டும் தெரியும். நிறம் மட்டும் மாறியிருக்கும். வெள்ளை நிற உறைக்கு இது சரியாக வராது. அதற்கு மல்டிப்ளை என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

லேயர் பெயருக்கு முன்னால் கண் போன்ற அடையாளம் இருக்கும். அதில் கிளிக் செய்தால் புதிய நிறம் மறையும். மீண்டும் கிளிக் செய்தால் தோன்றும். பழைய வண்டியையும் புதிய வண்டியையும் இப்படி மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வேலை முடிந்ததும் எக்ஸ்.சி.எஃப். வடிவில் சேவ் செய்தால் லேயர்கள் தனித்தனியாகவே இருக்கும். பெயின்டரிடம் காட்ட ஒரு படம் வேண்டுமானால் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து ஜேபெக் வடிவில் சேமிக்கவும்.

<b>படம் சொல்லாத செய்தி</b>

நிறம் மாறினால் வண்டியின் ஓட்டம் மாறாது. டயர் அப்படியல்ல. அகலமான டயரை ஜிம்ப் மூலம் எவ்வளவு அழகாக ஒட்டினாலும், வண்டி வளைவில் எப்படிச் சாயும் என்று படம் சொல்லாது. இங்கேதான் கால்க் உதவுகிறது.

டயரின் பக்கவாட்டில் 100/80-17 என்பது போல் எழுதியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் டயரின் உயரம். அது அகலத்தில் இத்தனை சதவீதம் என்று பொருள். மூன்றாவது எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரு அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். முதல் ஆர்15 மாடலின் பின் டயர் 100/80-17. தம்பி கேட்டது 130/70-17.

கால்க் திறந்து, பி1 செல்லில் 100, பி2 செல்லில் 80, பி3 செல்லில் 17 என டைப் செய்யுங்கள். பக்கத்து வரிசையில் சி1, சி2, சி3 செல்களில் 130, 70, 17 என அமையுங்கள். பி4 செல்லில் கீழ்க்கண்ட பார்முலாவைத் தரவும். (செல்லின் எழுத்துக்களை ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும்.)

=2*பி1*பி2/100+பி3*25.4

இது டயரின் மொத்த விட்டம். விடை 591.8 மி.மீ. இனி பி4 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்து சி4 வரை இழுங்கள். பார்முலாவில் பி என்று இருந்த இடங்கள் தாமாகவே சி என மாறி, 613.8 என்ற விடை கிடைக்கும். ஒரு பார்முலாவை ஒருமுறை எழுதி, எத்தனை வரிசைக்கு வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம் என்பதே ஸ்ப்ரெட்ஷீட்டின் பெரிய பயன்.

அடுத்து சி5 செல்லில் =(சி4/பி4-1)*100 என அமைத்தால் 3.7 என்று வரும். புதிய டயர் ஒரு சுற்றுக்கு 3.7 சதவீதம் கூடுதல் தூரம் உருளும். கேட்பதற்கு நல்லதாகத் தோன்றும். ஆனால் இன்ஜின் அதேதான். ஆகவே ஒவ்வொரு கியரிலும் சக்கரம் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ அதே அளவு குறையும். சின்ன இன்ஜினில், லாரியை முந்தும் நேரத்தில் இந்தக் குறைவு உணரப்படும். வேகத்தை கியர் பாக்ஸ் பக்கமிருந்து எடுக்கும் ஸ்பீடோமீட்டராக இருந்தால், அது 60 என்று காட்டும்போது வண்டி 62 கி.மீ. வேகத்தில் போகும்.

சி6 செல்லில் =(சி4-பி4)/2/1290*57.3 என அமையுங்கள். 1290 என்பது அந்த மாடலின் இரு சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். விடை 0.49. பின்பக்கம் 11 மி.மீ. உயர்வதால் வண்டி முழுவதும் ஏறத்தாழ அரை டிகிரி முன்னோக்கிச் சாய்கிறது. முன் ஃபோர்க் அந்த அளவு செங்குத்தாகிறது. ஹேண்டில் சற்று லேசாகத் திரும்பும். நேர்ப்பாதையில் நிலைத்து நிற்கும் குணம் சற்றுக் குறையும்.

கணக்கிலும் வராத ஒன்று உண்டு. அகலம் 30 மி.மீ. கூடுகிறது என்றால் இருபுறமும் 15 மி.மீ. வீதம் டயர் வெளியே வரும். ஒருபுறம் செயின், மறுபுறம் ஸ்விங் ஆர்ம். அங்கே இடம் இருக்கிறதா என்பதை ஸ்கேல் வைத்து வண்டியில்தான் அளக்க வேண்டும். மேலும், அகல டயரைக் குறுகிய ரிம்மில் மாட்டினால் அதன் ஓரங்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, நடுப்பகுதி கூம்பி நிற்கும். அதற்குரிய ரிம்மில் இருப்பதுபோல் அது தரையில் படியாது. அகலத்துக்குப் பணம் கொடுத்தும் பிடிப்பில் முழுப் பலன் கிடைக்காது.

"கம்பெனியே பிறகு 130 டயர் போட்டதே?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 2011இல் வந்த ஆர்15 வி2.0 மாடலில் 130/70-17 டயர் இருந்தது. ஆனால் டயரை மட்டும் மாற்றவில்லை. ஸ்விங் ஆர்ம் நீளமான அலுமினியமாக மாறியது. அச்சு தூரம் 1290இல் இருந்து 1345 மி.மீ. ஆனது. பின் பல்சக்கரத்தில் பற்கள் கூடின. அதாவது, டயர் பறித்த இழுவையைப் பல்சக்கரம் திருப்பிக் கொடுத்தது. ஒரு பாகத்தை மாற்ற அவர்கள் எத்தனை பாகங்களைத் தொட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். புரோகிராம் எழுதும் என் வேலையிலும் இதே கதைதான். ஒரு வரியை மாற்றினால் அதை நம்பியிருக்கும் மற்ற வரிகளையும் பார்த்தாக வேண்டும்.

சி1, சி2 செல்களில் வேறு எண்களைத் தந்து பாருங்கள். 110/80 என்றால் 2.7 சதவீதம் கூடும். 110/70 என்றால் 1 சதவீதம் குறையும். எண்ணை மாற்றியவுடன் எல்லா விடைகளும் மாறுவதைக் காணலாம்.

<b>எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது</b>

ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, "இது ஏதாவது வேலை செய்கிறதா?" என்று கேளுங்கள்.

ஸ்டிக்கர், டேங்க் பேட், சீட் உறை இவற்றுக்கு ஓட்டத்தில் பங்கு இல்லை. தாராளமாக மாற்றலாம்.

ஃபேரிங்கின் வடிவம் காற்றைப் பிளந்து செல்லவும், அதில் உள்ள திறப்புகள் ரேடியேட்டரின் சூட்டை வெளியேற்றவும் உள்ளன. நிறத்தை மாற்றலாம், திறப்புகளை அடைக்கக்கூடாது.

சைலன்சர் வெறும் குழாய் அல்ல. இன்ஜெக்‌ஷன் வண்டியில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு சிறிய கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பழைய சைலன்சரை மனதில் வைத்தே அதற்கு அளவுகள் எழுதப்பட்டுள்ளன. சத்தம் கூடினால் சக்தி கூடிவிட்டதாக அர்த்தமில்லை.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் முரண்படும்படி வாகனத்தை மாற்ற முடியாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. நிறமும் பதிவுச் சான்றில் உள்ள விவரம்தான். ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, சான்றில் திருத்தம் செய்துகொண்ட பிறகே பெயின்டரிடம் செல்லுங்கள்.

தம்பி கணக்கைப் பார்த்துவிட்டு டயர் ஆசையை விட்டான். அந்தப் பணத்தில் பழைய அளவிலேயே நல்ல டயரும், புதிய செயின் செட்டும், பிரேக் பேடும் வாங்கினான். நிறத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான். சைலன்சர் விஷயத்தில் மட்டும் இன்னும் என்னுடன் வாதாடிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் பைக்கின் டயர் அளவும் அச்சு தூரமும் வண்டியுடன் வந்த கையேட்டில் இருக்கும். அவற்றை மேலே சொன்ன செல்களில் தந்து, உங்கள் வண்டிக்கான ஷீட் ஒன்றைத் தயாரித்து சேவ் செய்து வையுங்கள். அடுத்த முறை கடைக்காரர், "இதைப் போடுங்க சார், சூப்பரா இருக்கும்" என்று சொன்னால், வீட்டுக்கு வந்து அந்த எண்களை ஷீட்டில் தந்து பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள்.