பழைய கொலையை நாவலாக்க

1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் தண்டனை பெற்ற நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் பிரிவி கவுன்சில் வரை போராடி 1947-இல் விடுதலையானார்கள். குத்தியது யார் என்பது இன்றும் தெரியாது. இதுபோல் துப்புத் துலங்காத கொலையை வைத்து நாவல் எழுதப் போகிறீர்களா? கொலையாளியை அப்புறம் பார்க்கலாம். இத்தனை வருஷம் கழித்து அது ஏன் இப்போது கிளம்புகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஏரி வற்றி எலும்பு தெரியலாம், சாகக் கிடப்பவர் வாய் திறக்கலாம். நான் தேர்ந்தெடுப்பது பாகப்பிரிவினையை. எலும்பு கிடைத்தால் போலீஸ் வரும், அவ்வளவுதான். மூலப்பத்திரத்தைத் தேடத் தொடங்கினால் பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அன்றைய வயது, இன்றைய வயது இரண்டையும் எழுதி வையுங்கள். இதில் அவசரப்படாதீர்கள். 1984-இல் பத்து வயதுச் சிறுமி 2024-இல் ஐம்பது வயதுக்காரி. சித்தப்பா நடுராத்திரியில் கிணற்றடியில் வேட்டி அலசியதை அவள் அன்று சாதாரணமாகப் பார்த்திருப்பாள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்த வீட்டு ஆண்களைப் புரிந்துகொண்ட பிறகு அதே காட்சி அவளைத் தூங்கவிடாது. அகதா கிறிஸ்டியின் ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ நாவலில் பதினாறு வருஷத்துக்கு முந்தைய கொலையைப் பற்றி ஐந்து பேர் தனித்தனியே எழுதித் தருகிறார்கள். அவர்கள் சொல்வது ஒன்றோடொன்று ஒட்டாத இடங்களில்தான் துப்பறிவாளர் பொய்ரோ துப்பைத் தேடுகிறார்.

சட்டத்தைச் சரியாக எழுதுங்கள். கொலை வழக்குக்குக் காலவரம்பு இல்லை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆவது பிரிவே பொருந்தும். டிஎன்ஏ சோதனை வந்தது 1980-களில். அதற்கு முந்தைய ரத்தக்கறைத் துணி கெடாமல் கிடைத்தது என்றால், எங்கே, யார் பாதுகாப்பில் இருந்தது என்று காட்டுங்கள்.

லட்சுமிகாந்தன் வழக்கைப் பேசுகிறவர்கள் பாகவதரின் வீழ்ச்சிக்கு வருந்துகிறார்கள். மஞ்சள் பத்திரிகை நடத்தியவர் என்ற ஒரு வரியோடு செத்தவர் முடிந்துவிடுகிறார். இந்த அநியாயத்தை உங்கள் நாவல் செய்யக் கூடாது. கொலையுண்டவரின் ஒரு முழுநாளை, அவர் வாங்கிய கடன், பிடித்த பலகாரம், போட்ட சண்டை எல்லாவற்றோடும், நாவலில் சேர்க்காவிட்டாலும் எழுதிப் பாருங்கள்.

கொலையாளி செத்திருந்தால் வழக்கும் அற்றுப்போகும். அப்போது கடைசி அத்தியாயத்தை, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, இப்போது பாகம் பிரிக்கும் அந்தச் சொத்தில் வாழ்ந்தவரிடம் கொண்டுபோங்கள். அவரையே பேச விடுங்கள்.