ஆள் பின்னே, பெயர் முன்னே

யானை வருமுன் அதன் மணியோசை வந்துவிடும். மனிதர் விஷயத்தில் அந்த மணி, பெயர்தான். உங்கள் வகுப்புக்கு ஒரு புதிய ஆசிரியர் வரப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வீரபத்திரன் என்று கேள்விப்பட்டதும் கடைசிப் பெஞ்சுக்காரர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். பெயர் தேன்மொழி என்றால் அவ்வளவு பயம் வராது. ஆசிரியர் இன்னும் பேருந்தைவிட்டு இறங்கவே இல்லை. அதற்குள் நம் மனத்தில் ஒருவருக்கு மீசை முளைத்துவிட்டது. இன்னொருவர் முகத்தில் புன்னகை வந்துவிட்டது!

இதை ஆராய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலைக்குப் போனால் போதும்.

திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. 'ஜவ்வாது' என்றதும் நெற்றியில் இட்டுக்கொள்ளும் மணப்பொருள் பலருக்கு நினைவு வரும். மலையே மணப்பதாகத் தோன்றும். இதனால் யாருக்கும் நட்டமில்லை. மலையில் வாழும் மக்களின் பெயர்தான் சிக்கலானது. அங்கே பெரும்பான்மையாக வாழும் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர்.

இதைப் படித்தவுடன் உங்கள் மனத்தில் என்ன எழுந்தது? கேரளம், தென்னந்தோப்பு, மலையாள மொழி. அப்படித்தானே? ஆனால் ஜவ்வாது மலை மலையாளிகளின் தாய்மொழி தமிழ். 'மலையை ஆள்பவர்', 'மலையில் வாழும் ஆள்' என்று பிரித்துப் பொருள் கொள்ள வேண்டிய பெயர் இது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலில்கூட இச்செய்திகள் உள்ளன. ஏறத்தாழ நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிய விஷயம். ஆயினும் குழப்பம் இன்னும் ஓயவில்லை.

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. இம்மக்களில் பலர் பெயருக்குப் பின்னால் 'கவுண்டர்' என்ற பட்டமும் உண்டு. அதைக் கேட்டவுடன் சமவெளிக்காரர் மனத்தில் வேறொரு படம் விரிகிறது: கொங்கு நாடு, கிணற்றுப் பாசனம், பெரிய பண்ணை வீடு. மழையை நம்பிச் சாமை விதைக்கும் மலைக் குடியானவர் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. ஒரு பெயர் அவரைக் கேரளத்துக்கு அனுப்புகிறது. மற்றொரு பெயர் கோயம்புத்தூர்ப் பக்கம் இழுக்கிறது. மனிதரோ ஜமுனாமரத்தூரில் நிற்கிறார்! தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலிலும் 'மலையாளி' என்ற பெயர் தனியாக நிற்பதில்லை. எந்தெந்த மாவட்டங்களைச் சேர்ந்தவர் என்ற குறிப்போடுதான் நிற்கிறது.

நம் மனம் ஏன் இப்படிச் செய்கிறது? அது காத்திருக்க விரும்பாதது என்பதே விடை. அரைகுறைத் தகவல் கிடைத்தால் மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. சாலமன் ஆஷ் என்ற உளவியலார் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டியது. முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி ஏழு குணங்கள் வாசிக்கப்பட்டன: அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி என்று போகும் பட்டியல். ஒரு குழுவினருக்கு அதன் நடுவில் 'அன்பு மிக்கவர்' என்ற பொருள் தரும் சொல்லும், மற்றக் குழுவினருக்கு 'அன்பில்லாதவர்' என்ற பொருள் தரும் சொல்லும் இருந்தன. மற்ற ஆறும் அவையே. பிறகு, 'இவர் தாராள மனம் உடையவரா?' என்று கேட்டார்கள். முதற் குழுவில் பத்துக்கு ஒன்பது பேர் ஆம் என்றனர். இரண்டாம் குழுவில் பத்துக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தாராள மனத்தைப் பற்றிப் பட்டியலில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயரும் இத்தகைய ஒரு சொல்தான். ஆனால் அது எப்போதும் பட்டியலின் முதலிடத்தில் நிற்கிறது.

ஜவ்வாது மலையிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. அங்குள்ள காவலூர் வானாய்வு நிலையத்துக்கு 1986ஆம் ஆண்டில் வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. 1988ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்நிலையத்தைச் சேர்ந்த இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதன் எண் 4130. இந்த எண்ணைக் கேட்டால் உங்கள் மனத்தில் ஒரு சலனமும் எழாது. அதற்குச் சூட்டிய பெயர் 'இராமானுஜன்'. உடனே கும்பகோணம், கணக்குப் புத்தகம், சிலேட்டுப் பலகை எல்லாம் கண்முன் வருகின்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் ஒரு பாறைக்குக் கணிதம் தெரியவே தெரியாது!

ஒலியும் பேசுமா?

பொருள் தெரியாத பெயரின் வெறும் ஒலிகூட மனத்தில் உருவத்தை எழுப்பும். ஒரு தாளில் இரண்டு உருவங்களை வரையுங்கள். ஒன்று முனைகள் கூர்கூராக நீட்டிக்கொண்டிருக்கட்டும். மற்றொன்று கல்லில் சிந்திய தோசை மாவுபோல வளைந்து வளைந்து இருக்கட்டும். இவற்றில் 'மலுமா' எது? 'டக்கெட்டே' எது? ஜெர்மானிய உளவியலார் வொல்ஃப்காங் கோலர் 1929ஆம் ஆண்டில் விவரித்த சோதனையின் வகை இது. பெரும்பாலோர் வளைந்த உருவத்தை மலுமா என்றும் கூரியதை டக்கெட்டே என்றும் சொல்வார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவில் மூளை ஆராய்ச்சியில் புகழ்பெற்ற வி. எஸ். இராமச்சந்திரன், ஹப்பர்ட் என்பவருடன் சேர்ந்து 2001ஆம் ஆண்டில் 'பூபா', 'கிக்கி' என்ற சொற்களோடு இதை மறுபடியும் எடுத்துக்கொண்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் கூர் உருவத்துக்குக் 'கிக்கி' என்ற பெயரையே கொடுத்தனர். ஆங்கிலம் அறியாத தமிழர்களும் இப்படியே சொல்வதாக அவர் எழுதியிருக்கிறார்.

தமிழ் மாணவர்களுக்கு இது பெரிய அதிசயமாக இராது. க, ச, ட, த, ப, ற என்பவற்றை வல்லெழுத்து என்றும், ங, ஞ, ண, ந, ம, ன என்பவற்றை மெல்லெழுத்து என்றும் தொல்காப்பியம் அன்றே வகுத்துவிட்டதல்லவா? காதில் விழுவதைத் தொட்டுணர்வது போல வன்மை, மென்மை என்று சொல்லும் வழக்கம் நமக்குப் பழையது.

கதாசிரியர்களுக்கு இந்த இரகசியம் நன்றாகத் தெரியும். 1950ஆம் ஆண்டில் தொடராக வெளிவரத் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில் இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழுவேட்டரையர் என்பது வரலாற்றிலிருந்து கல்கி எடுத்துக்கொண்டது. வாய் நிறையச் சொல்ல வேண்டிய கனமான பெயர். அறுபத்து நான்கு விழுப்புண்களைச் சுமந்த முதிய வீரருக்கு அது கவசம்போலப் பொருந்திவிட்டது. பூங்குழலி என்ற பாத்திரமோ கல்கியின் கற்பனை. மெல்லிய பெயர். ஆனால் அவள் செய்கிற வேலை, கொந்தளிக்கும் கடலில் தனியாகப் படகு வலிப்பது. பெயர் ஒன்று சொல்ல, செயல் வேறொன்று சொல்கிறது. வாசகர் அவளை எளிதில் மறக்காததற்கு இந்த முரணும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதற்கு நேர் எதிரான வழியையும் தமிழர் கண்டிருக்கிறார்கள். சங்க அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி என்றுதான் வருவார்கள். யாருக்கும் பெயர் கிடையாது. அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்தால் ஊர் வரும், குலம் வரும். அப்புறம் அது எல்லோருக்கும் உரிய அன்பாக இராது, யாரோ ஒருவர் வீட்டுக் கதையாகிவிடும். இதில் எவ்வளவு கண்டிப்பு தெரியுமா? 'நெடுநல்வாடை'யில் அரசனின் பெயர் எங்குமே இல்லை. ஆனால் வேலில் வேப்பந்தழை கட்டியிருந்ததாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். அந்த ஒரு தழையைக் கொண்டே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் புறப்பாட்டு என்று சொல்லிவிட்டார்!

விளையாட்டல்லாத இடம்

கதையில் பெயர் செய்யும் வேலையை நாம் இரசிக்கலாம். வாழ்க்கையில் அதே வேலை சிலருக்குச் சோறு கிடைக்காமல் செய்துவிடுகிறது. நம் நாட்டில் சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகிய ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். செய்தித்தாளில் வந்த தனியார் வேலை விளம்பரங்கள் 548க்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் தகுதியும் ஒரே மாதிரி. பெயர்கள் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33 என்றே கணக்கு வந்தது. விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரிகள் யாரையும் நேரில் கண்டதில்லை. மணியோசையை மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பிறர் நம்மை எப்படி நினைக்கிறார்கள் என்பதோடு இது நின்றுவிடுவதும் இல்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் உங்கள் வயதுப் பையன்களுக்குப் புதிர்வழிப் படங்களைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். 2004ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தன. யார் என்ன சாதி என்று வெளிப்படாதபோது எல்லாச் சாதிப் பையன்களும் ஏறக்குறையச் சமமாகவே தீர்த்தார்கள். பிறகு வேறு குழுக்களில், ஒவ்வொருவரின் பெயரையும் தந்தை, பாட்டன் பெயர்களையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்துவிட்டுப் புதிர்களைக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. ஒரு நிமிட அறிவிப்பால் யாருடைய மூளையும் மங்கிவிடாது. தன்னிடம் மற்றவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற நினைப்பே கையைக் கட்டிவிட்டது.

நம் ஊரில் பிறந்த குழந்தைகள் தொடர்ந்து இறந்தால் அடுத்த குழந்தைக்குக் குப்பு, பிச்சை என்று பெயரிடுவது வழக்கமாக இருந்தது. மதிப்பற்ற பெயரைக் கேட்டு எமனே ஏமாந்து போய்விடுவான் என்ற நம்பிக்கை! அந்தப் பெயர்களுக்குள் பாசம் ஒளிந்திருந்தது. ஆனால் பெண்ணாகவே பிறக்கிறதே என்று சலித்து 'வேண்டாம்' என்றும் 'போதும்பொண்ணு' என்றும் வைத்த பெயர்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவின்போது 'வேண்டாம்' என்று கூப்பிட, 'உள்ளேன் ஐயா' என்று ஒரு சிறுமி எழுந்து நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

பெயரிலிருந்து தகவலை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு சோதித்துப் பார்த்திருக்கிறது. 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் செய்தது. பெரியார் 'நாயக்கர்' என்பதை விட்டார். இன்று நம் வருகைப் பதிவேட்டில் பெரும்பாலும் ஒரு தலைப்பெழுத்தும் ஒரு பெயரும் மட்டுமே இருப்பதில் அந்த இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் சாதியை அறிய விரும்புகிறவர் பெயரோடு நிறுத்துவதில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தாளில் இவ்வாறு எழுதுங்கள்: 'முனுசாமி கடைத்தெருவுக்குப் போனார். வழியில் மழை வந்தது. குடையை மறந்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.' இன்னொரு தாளில் இதையே எழுதி, பெயரை மட்டும் ஆதித்யா என்று மாற்றுங்கள். வேறொரு வகுப்பில் பாதிப் பேருக்கு ஒன்றும் பாதிப் பேருக்கு மற்றொன்றும் கொடுங்கள். இவருக்கு என்ன வயதிருக்கும், என்ன வேலை பார்ப்பார், என்ன உடை உடுத்தியிருப்பார் என்று எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் இன்னொரு வகுப்பில் இதையே செய்யுங்கள். இம்முறை இரண்டு தாளிலும் மேலும் மூன்று வரிகளைச் சேர்த்துவிடுங்கள்: 'அவருக்கு வயது முப்பது. காவலூரில் தொலைநோக்கியை இயக்குபவர். இரவெல்லாம் கண்விழித்ததால் சோர்ந்திருந்தார்.' இரு பெயர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு முதல் வகுப்பில் எவ்வளவு, இரண்டாம் வகுப்பில் எவ்வளவு என்று எண்ணி அட்டவணை போடுங்கள். விடைத்தாள்களை வாங்கி முடிக்கும்வரை, இருவகைத் தாள்கள் இருப்பதை யாரிடமும் மூச்சு விடாதீர்கள். தெரிந்துவிட்டால் எல்லோரும் திடீரென்று நியாயவான்களாகி உங்கள் சோதனையைக் கெடுத்துவிடுவார்கள்!