பம்பாய்க்குப் போன இரண்டு பேர்

மும்பை பெரிய நகரம். 1995 வரை அதன் பெயர் பம்பாய். பல ஊர்க்காரர்கள் பிழைப்புத் தேடி அங்கே போனார்கள். தமிழர்களும் போனார்கள்.

பம்பாய்த் தமிழர் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி போகவில்லை. ஒரே மாதிரி வாழவும் இல்லை. ஏன்? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

ரயிலில் வந்தவர்கள்

1940-ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். தாதர் ஸ்டேஷனில் மதராஸ் ரயில் வந்து நிற்கிறது. இரண்டு தமிழர்கள் இறங்குகிறார்கள்.

ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கையில் ஒரு துணி மூட்டை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விலாசம் மனதில்தான் இருக்கிறது. தமிழ் பேசும் ஒருவரைப் பார்த்ததும் கேட்கிறார்: "அண்ணாச்சி, தாராவிக்கு எப்படிப் போகணும்? எங்க ஊர்க்காரங்க தோல் வேலை பாக்காங்க."

இன்னொருவர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழும் டைப் அடிக்கத் தெரியும் என்ற சான்றிதழும் இருக்கின்றன. அவருடைய மாமா ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். "வாடா, சர்டிபிகேட் எல்லாம் பத்திரமா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார். இருவரும் மாட்டுங்காவுக்குப் போகிறார்கள்.

இந்த இரண்டு பேரும் நாம் கற்பனை செய்துகொண்டவர்கள். ஆனால் இவர்களைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் உண்மையாகவே வந்தார்கள்.

மாட்டுங்காவும் தாராவியும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். நடந்தே போய்விடலாம். நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. பாதைக்குக் கிழக்கே மாட்டுங்கா. மேற்கே, சற்று வடக்கில் தாராவி.

தாராவி

தாராவி முதலில் மீனவர் கிராமம். கோலி என்னும் மீனவ மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். சுற்றிலும் சதுப்பு நிலம்.

நகரம் வளர்ந்தது. நாற்றம் வரும் தொழில்கள் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டன. தோல் பதனிடும் தொழில் தாராவிக்கு வந்தது. அப்போது பக்கத்தில் உள்ள பாந்த்ராவில் ஆடுமாடு அறுக்கும் இடம் இருந்தது. தோல் அங்கிருந்து வந்தது.

இந்தத் தொழிலைச் செய்யத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்தார்கள். பின்னால் நாடார்களும் மற்றவர்களும் வந்தார்கள். சேற்றில் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கினார்கள். அதன்மேல் குடிசை போட்டார்கள். இன்று நிற்கும் தாராவியின் தரையே அவர்கள் உண்டாக்கியதுதான்.

அங்கே அவர்கள் கோயில் கட்டினார்கள். மசூதி கட்டினார்கள். சங்கம் வைத்தார்கள். பெண்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். அதிகாலையில் எழுந்து இட்லி அவித்தார்கள். ஆண்கள் அதைத் தெருத்தெருவாக விற்றார்கள். தாராவி இட்லி இன்றும் மும்பைத் தெருக்களில் விற்கப்படுகிறது.

ஆனால் நிலத்துக்குப் பட்டா இல்லை. நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்குச் சொந்தம். வீட்டில் குழாய் இல்லை. கக்கூஸ் இல்லை. எப்போது வேண்டுமானாலும் வந்து இடிப்பார்கள் என்ற பயம் இருந்தது.

மாட்டுங்கா

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. பலர் இறந்தார்கள். நெருக்கமான வீடுகளில் நோய் வேகமாகப் பரவுகிறது என்று அரசு நினைத்தது. 1898-இல் நகர மேம்பாட்டுக்கு ஒரு டிரஸ்ட் அமைத்தது. அந்த டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா பகுதிகளில் புதிய குடியிருப்புகளை வகுத்தது. அகலமான சாலை, மரம், பூங்கா, சாக்கடை எல்லாம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டன.

அங்கே வாடகைக்குக் குடிவந்தவர்களில் தென்னிந்தியர்கள் அதிகம். தமிழ் பேசும் பிராமணர்கள் அவர்களில் பலர். ரயில்வே, வங்கி, கம்பெனி, அரசு அலுவலகம் ஆகியவற்றில் குமாஸ்தாவாகவும் டைப்பிஸ்டாகவும் வேலை பார்த்தார்கள்.

அவர்களும் பணக்காரர்கள் அல்ல. ஓர் அறையில் பலர் தங்கினார்கள். மெஸ்ஸில் சாப்பிட்டார்கள். மிச்சம் பிடித்து ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்கள். ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. வேலை முடிந்தபின் சேமநல நிதியும் ஓய்வூதியமும் கிடைத்தன.

1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியது. அது பள்ளி நடத்தியது. 1960-இல் சயானில் கல்லூரியும் திறந்தது. 1963-இல் சண்முகானந்தா அரங்கம் திறக்கப்பட்டது. பிள்ளைகள் படித்து இஞ்சினீயர், டாக்டர், கணக்கர் ஆனார்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்போம்

வேலை: மாட்டுங்காக்காரருக்கு மாதச் சம்பளம். தாராவிக்காரருக்கு நாள் கூலி, அல்லது செய்த பொருளுக்குக் கூலி.

வீடு: மாட்டுங்காக்காரரிடம் வாடகை ரசீது இருந்தது. 1947-இல் பம்பாயில் வாடகைச் சட்டம் வந்தது. வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகையை உயர்த்த முடியாது. நினைத்தபடி வெளியேற்றவும் முடியாது. ரசீது வைத்திருந்தவருக்கு இந்தச் சட்டம் காவல். தாராவிக்காரரிடம் ரசீது ஏது?

படிப்பு: மாட்டுங்காப் பிள்ளைகளுக்குத் தெருமுனையில் பள்ளி. வீட்டில் அப்பா பாடம் சொல்லிக்கொடுப்பார். தாராவிப் பிள்ளைகளுக்கு மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்பு இருந்தது. ஆனால் பலர் பாதியில் நின்று வேலைக்குப் போனார்கள்.

உழைப்பு: இதில் தாராவிக்காரர் ஒரு படியும் குறைந்தவர் அல்ல. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைப்பதும், முடி நீக்கிச் சுரண்டுவதும் கடும் வேலை. அதில் தேர்ந்த கைகள் வேண்டும்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

ஊரிலேயே தொடங்கிய வித்தியாசம்

வித்தியாசம் பம்பாயில் தொடங்கவில்லை. ஊரிலேயே தொடங்கிவிட்டது.

பாலக்காட்டுக்காரரின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் படிப்பு இருந்தது. ஆங்கிலப் பள்ளி வந்ததும் முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். திருநெல்வேலிக்காரரின் அப்பாவுக்குப் பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்குள் நுழையவே அனுமதி இல்லை. தாழ்ந்த சாதி என்று சொல்லி ஒதுக்கினார்கள். நிலமும் இல்லை.

அதனால் ஒருவர் சான்றிதழோடு ரயில் ஏறினார். ஒருவர் வெறுங்கையோடு ஏறினார். இது அறிவில் உள்ள வித்தியாசம் அல்ல. வாய்ப்பில் உள்ள வித்தியாசம்.

கடல் தாண்டியும் இதே கதைதான். ஆங்கிலேயர் காலத்தில் மலேயாவுக்குத் தமிழர்கள் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துப் போனவர்கள் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் மிஷனரிகள் முன்பே ஆங்கிலப் பள்ளிகள் நடத்தினார்கள். அங்கும் படிப்புதான் வேலையைத் தீர்மானித்தது.

இருவருக்கும் வந்த துன்பம்

1966-இல் பம்பாயில் சிவசேனா கட்சி தொடங்கியது. மண்ணின் மக்களுக்கே வேலை வேண்டும் என்று அது சொன்னது. தென்னிந்தியர்கள் அலுவலக வேலைகளைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பேசியது. தென்னிந்திய ஓட்டல்கள் தாக்கப்பட்டன. வேட்டி கட்டியவர்களைக் கேலி செய்தார்கள்.

அப்போது மாட்டுங்காக்காரரும் பயந்தார். தாராவிக்காரரும் பயந்தார். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றுதான். இருவரும் 'மதராசி'தான்.

செம்பூர்

மாட்டுங்காவில் இடம் போதவில்லை. அடுத்த தலைமுறையில் பலர் செம்பூருக்குப் போனார்கள். கூட்டுறவு வீட்டுச் சங்கம் அமைத்துச் சொந்த வீடு வாங்கினார்கள். பக்கத்தில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் அணுசக்தி நிலையமும் வந்தன. அங்கும் தமிழர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அதே வட்டாரத்தில் ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதி இருந்தது. அதிலும் தமிழர்கள் வாழ்ந்தார்கள். அணுசக்தி நிலையத்துக்காக அந்த இடம் வேண்டும் என்றார்கள். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், குடிசைகளை இடித்தார்கள். மக்களைச் சீத்தா கேம்ப் என்ற இடத்துக்கு மாற்றினார்கள்.

அந்தக் காலனியில் ஜோக்கின் அற்புதம் என்ற தமிழர் இருந்தார். கோலார் தங்கவயலில் பிறந்தவர். தச்சு வேலை செய்தவர். காலனியில் குப்பை அள்ள யாரும் வரவில்லை. அவர் குழந்தைகளைச் சேர்த்தார். குப்பையை அள்ளிக்கொண்டுபோய் மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டினார்கள். அதன்பிறகுதான் அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் குடிசைவாழ் மக்களுக்குத் தேசிய அளவில் ஒரு சம்மேளனம் உண்டாக்கினார். அந்த மக்கள் ஒரு புதிய காரியம் செய்தார்கள். தங்கள் குடிசைகளைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். எத்தனை வீடு, எத்தனை பேர், என்ன வேலை என்று எழுதி வைத்தார்கள். அதைக் காட்டி அதிகாரிகளிடம் பேசினார்கள். அவருக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது. 2018-இல் அவர் காலமானார்.

ஒரு காகிதத்தின் மதிப்பு

1976-இல் இன்னொன்றும் நடந்தது. அரசு குடிசைகளைக் கணக்கெடுத்தது. கணக்கில் வந்தவர்களுக்கு ஒரு அட்டை கொடுத்தது. அதை 'போட்டோ பாஸ்' என்பார்கள். தாராவிக்காரர் கையில் அதிகாரம் உள்ள ஒரு காகிதம் வந்தது. தண்ணீர்க் குழாய், விளக்கு, கக்கூஸ் கேட்க வழி பிறந்தது.

தொழிலும் மாறியது. ஆடுமாடு அறுக்கும் இடம் தேவ்நாருக்குப் போனது. தோல் பதனிடும் ஆலைகள் மெல்ல மூடப்பட்டன. ஆனால் தோல் பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் தொழில் தாராவியில் வளர்ந்தது. தாராவிப் பிள்ளைகளில் பட்டதாரிகள் வந்தார்கள். ஆசிரியர்கள் வந்தார்கள். கடைக்காரர்களும் முதலாளிகளும் வந்தார்கள். வாய்ப்புக் கிடைத்த இடத்தில் அவர்களும் முன்னேறினார்கள்.

இன்று தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் நடக்கிறது. 2022-இல் அதானி குழுமம் அந்த டெண்டரில் வென்றது. 2024-இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவியிலேயே இலவச வீடு என்பது விதி. பின்னால் வந்தவர்களுக்கும், மாடியில் வாழ்பவர்களுக்கும் வேறு விதி. அவர்கள் வேறு இடத்துக்குப் போக வேண்டி வரலாம்.

எப்போது வந்தீர்கள் என்று யார் சொல்வது? காகிதம்தான் சொல்ல வேண்டும். பழைய ரேஷன் கார்டு, மின்சாரப் பில், வாக்காளர் பட்டியலில் பெயர், இவற்றைத்தான் கேட்கிறார்கள். மூன்று தலைமுறையாக இருந்தவருக்கும் காகிதம் இல்லையென்றால் சிக்கல்தான். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அலைய வேண்டியிருக்கும்.

1940-இல் தாதரில் இறங்கிய இரண்டு பேரை மீண்டும் நினைத்துப் பாருங்கள். மாமா முதலில் சான்றிதழைப் பற்றித்தான் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க மற்றவருக்கு யாரும் இல்லை.

இப்போது நீங்கள் படிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை நீங்களே கேட்கலாம். இன்று இரவு பெட்டியைத் திறந்து காகிதங்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பெயர் சரியா? அப்பா பெயர் சரியா? தேதி சரியா? தப்பு இருந்தால் உரிய அலுவலகத்தில் மனு கொடுங்கள். மனுவைக் கொடுத்ததும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

காகிதம் இல்லாதவரும் நம் தெருவில் இருப்பார். அவருக்கும் வீடு வேண்டும். அவருக்காகத் தெருவே சேர்ந்து பேச வேண்டும். ஜனதா காலனி மக்கள் காட்டிய வழி அது.

கூடிப் பேசுவோம்

1. தாராவிக்காரரும் மாட்டுங்காக்காரரும் எதில் ஒன்று? எதில் வேறு?

2. வாடகைச் சட்டம் யாருக்கு உதவியது? யாருக்கு உதவவில்லை? ஏன்?

3. உங்கள் ஊரிலிருந்து வெளியூர் போனவர்கள் யார்? என்ன வேலைக்குப் போனார்கள்? அங்கே அவர்களுக்கு உதவியவர் யார்?

4. உங்கள் தெருவை நீங்களே கணக்கெடுங்கள். எத்தனை வீடு? எத்தனை வீட்டில் ரேஷன் கார்டு உண்டு? ஒரு தாளில் எழுதி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.