அரை மணி இருட்டு

தை அமாவாசை இரவு, எட்டு மணி. ஜவ்வாது மலையில் ஒரு வெட்டவெளி. வண்டியை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்த்தால் உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகை ஒரு சின்னக் கொத்தாகத் தெரியும். எண்ணிப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஐந்து, ஆறு என்பார்கள். பழந்தமிழர் அதற்கு அறுமீன் என்றே பெயர் வைத்திருந்தார்கள். எந்த விளக்கையும் பார்க்காமல் அரை மணி உட்கார்ந்திருந்து மறுபடி எண்ணினால், நல்ல பார்வை உள்ளவருக்கு எட்டு, ஒன்பது கூடக் கிடைக்கும். தொலைநோக்கி வானத்தைப் பார்க்கத் தொடங்காத 1579இல், பின்னாளில் கெப்ளருக்கு ஆசிரியராக இருந்த மைக்கேல் மேஸ்ட்லின், வெறுங்கண்ணாலேயே அந்தக் கொத்தில் 11 மீன்களைக் குறித்து வைத்தார்.

அந்த அரை மணியைச் சம்பாதிப்பதும், சம்பாதித்ததை விடியும்வரை இழக்காமல் காப்பதும்தான் வான் பார்க்கப் போகிறவர் முதலில் பழக வேண்டிய வேலை. பைனாகுலர் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது

இருட்டில் கண்பாவை விரிவது சில நிமிடங்களில் முடிந்துவிடும். பகலில் 2, 3 மி.மீ. இருந்தது இளம் வயதினருக்கு 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். பெரிய மாற்றம் நடப்பது விழித்திரையில். அங்கே நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் குச்சி செல்கள் சுமார் 12 கோடி. குச்சி செல்லில் ரோடாப்சின் என்ற செந்நிறப் பொருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது வெளுத்துப்போகும், இருட்டில் மெல்ல மெல்ல ஊறிச் சேரும். தவளையின் விழித்திரையில் இந்த நிறம் வெளுப்பதை 1876இல் பிரான்ஸ் போல் கண்டார்.

முதல் பத்து நிமிடம் கூம்பு செல்களின் ஆட்சி. பிறகு குச்சி செல்களின் கை ஓங்கும். 20 நிமிடத்தில் பெரும்பகுதி வந்துவிடும், முழுதும் ஊற 30 முதல் 45 நிமிடம் ஆகும். அழிய ஒரே ஒரு நொடி போதும். போன் திரையைத் திறந்தால் போயிற்று, மறுபடி முதலிலிருந்து.

ரோடாப்சின் உருவாக வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் வருவதுதான் மாலைக்கண். முருங்கைக்கீரையும் கேரட்டும் அந்தக் குறையைத் தீர்க்கும். குறையே இல்லாதவர் இன்னும் நிறையச் சாப்பிட்டாலும் பார்வை அதற்கு மேல் கூடாது.

பகலிலேயே தொடங்க வேண்டும்

தினசரி காலண்டரில் அமாவாசையைப் பார்த்து நாளைக் குறிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அமாவாசைகளை மழை மேகம் தின்றுவிடும். தை, மாசி அமாவாசைகளை நம்பலாம். ஜவ்வாது மலையைச் சொல்லக் காரணம் உண்டு. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அந்த மலையின் காவலூரில் தொடங்கிய வேலைதான் வளர்ந்து, 1986இல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியாக நின்றது. வானியலாளர்கள் தேடிப் பிடித்த வானம் அது. தங்கும் இடத்தையும் நிலத்துக்காரர் சம்மதத்தையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி கட்டாயம்.

அன்று பகல் முழுக்கக் கடும் வெயிலில் அலைந்தவர் கண், இரவில் பழகத் தாமதம் ஆகும். தொப்பியும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொள்வது நல்லது. மாலை ஐந்து மணிக்குள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், எங்கே கல், எங்கே பள்ளம், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதை வெளிச்சத்திலேயே பார்த்து வைக்கலாம். பையில் எந்தப் பொருள் எந்த அறையில் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரின் உள்விளக்கு கதவைத் திறந்தால் எரியாதபடி அணைத்து வைக்க வேண்டும். இதை மறந்து நடுராத்திரியில் ஒருவர் ஸ்வெட்டர் எடுக்கக் கதவைத் திறந்தால் பத்துப் பேரின் அரை மணி போய்விடும்.

சிவப்பு டார்ச்

சுமார் 640 நானோமீட்டருக்கு மேற்பட்ட அடர்சிவப்பு ஒளி குச்சி செல்களை அவ்வளவாகத் தொடாது. 1916இல் வில்ஹெல்ம் டிரெண்டலன்பர்க் இதை வைத்துத்தான் எக்ஸ்ரே மருத்துவர்களுக்குச் சிவப்புக் கண்ணாடி செய்தார். மங்கலான எக்ஸ்ரே திரையைப் பார்க்க அதுவரை இருட்டறையில் காத்துக் கிடந்தவர்கள், அதை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் நடமாடியபடியே கண்ணைத் தயாராக வைத்திருக்க முடிந்தது.

வீட்டில் செய்வது எளிது. ஃபேன்சி ஸ்டோரில் சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கி, மூன்று நான்காக மடித்து, டார்ச்சின் முகத்தில் வைத்து ரப்பர் பேண்டு போட்டால் போதும். ஒற்றை மடிப்பு போதாது, எல்இடியின் வெள்ளை கசியும். சிவப்பாக இருந்தாலே கெடுதல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள்; பளிச்சென்ற சிவப்பும் கண்ணைக் கெடுக்கும். இருட்டில் வான்படத்தின் எழுத்தை முட்டி முட்டிப் படிக்கிற அளவு மங்கல்தான் சரியான அளவு.

போனுக்கும் இதே கதி. இரவில் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ இங்கே உதவாது. திரை முழுவதும் சிவப்பாகும் வடிகட்டியைப் போட்டு, வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, அறிவிப்புகளை நிறுத்திப் பையில் போட்டுவிடலாம். தவிர்க்கவே முடியாமல் பார்க்க நேர்ந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு விழித்திரைகளும் தனித்தனியே பழகுபவை. பொத்திய கண் தப்பிக்கும்.

குறிப்பு எழுதுபவர்களுக்கு வில்லியம் ஹெர்ஷல் வீட்டு ஏற்பாடு நல்ல பாடம். 1780களில் அவர் தொலைநோக்கியில் கண் வைத்தபடி கண்டதைச் சொல்லச் சொல்ல, தங்கை கரோலின் விளக்கும் கடிகாரமுமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அண்ணன் கண்ணில் விளக்கே படவில்லை. இன்று அந்த வேலையைப் போனின் குரல்பதிவு செய்யும்.

பார்க்கும் விதம்

பார்வையின் நடுமையத்தில் குச்சி செல்களே கிடையாது. அதனால் மங்கலான ஒன்றை நேருக்கு நேர் முறைத்தால் அது மறைந்துபோகும். பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கவனத்தை மட்டும் அதன்மேல் வைக்க வேண்டும். மாலையில் வடமேற்கில் ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தை இப்படித்தான் பிடிக்க வேண்டும். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வரும் ஒளி, நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஒரு வெளிறிய தீற்றல். தொலைநோக்கியில் வலது கண்ணால் பார்ப்பவர் பொருளுக்கு வலப்பக்கமாகப் பார்வையைத் தள்ள வேண்டும். இடப்பக்கம் தள்ளினால் பொருள் குருட்டுப்புள்ளியில் விழக்கூடும். குழலை விரலால் லேசாகத் தட்டுவதும் ஒரு தந்திரம். அசைகிற மங்கலைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

பைனாகுலர் வாங்குபவர் கண்பாவையை மனத்தில் வைத்து வாங்க வேண்டும். 7×50 பைனாகுலரில் வெளிவரும் ஒளிக்கற்றை 7 மி.மீ. அகலம், 10×50இல் 5 மி.மீ. ஐம்பது வயது தாண்டியவருக்கு 7×50 தரும் ஒளியில் ஒரு பங்கு கண்ணுக்குள்ளேயே நுழையாது. அவருக்கு 10×50 போதும்.

உடம்பைக் கவனித்தல்

குளிரில் நடுங்குகிறவரால் பத்து நிமிடம்கூட ஒரு இடத்தைப் பார்க்க முடியாது. மேகமில்லாத இரவில் தரையும் உடம்பும் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். அசையாமல் கிடப்பவருக்கு, நடப்பவரைவிட அதிகம் குளிரும். குளிர் தெரியும் முன்பே உடுத்திக்கொள்வது முக்கியம். பனியனுக்கு மேல் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ், தலைக்குக் குரங்குக் குல்லா. ஃபிளாஸ்கில் சுக்குக் காபி. மது சூட்டைத் தருவதுபோல இருக்கும், ஆனால் தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியே விட்டுவிடும். சிகரெட் புகை ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைத்து இரவுப் பார்வையை மங்க வைக்கும்.

கழுத்தை அண்ணாந்தபடி நின்றால் கால் மணியில் வலி வந்துவிடும். சாய்வு நாற்காலியோ மடக்குக் கட்டிலோ வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுக்கவே கூடாது. கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் தூங்குபவர்களைக் கடிக்கிறது, கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருப்பதில்லை. ஷூ போட்டே நடக்க வேண்டும். புதருக்குள் சரசரப்பு கேட்டால் தயங்காமல் வெள்ளை டார்ச்சை அடிக்கலாம். போன இருட்டுப் பார்வையை இன்னொரு அரை மணியில் மீட்டுவிடலாம்.

கொசு விரட்டிக் களிம்பு பூசிய கையைத் துடைத்துவிட்டுத்தான் பைனாகுலரைத் தொட வேண்டும். டீட் கலந்த களிம்பு பிளாஸ்டிக்கை அரிக்கும். பனி லென்ஸில் படிந்தால் துண்டு முனையால் துடைக்கிற ஆசை வரும், கூடாது. பூச்சில் கீறல் விழும். சார்ட் பேப்பரைக் குழலாகச் சுற்றி முன்பக்கம் நீட்டினால் பனி படிவது தள்ளிப்போகும். பார்க்காத நேரத்தில் லென்ஸை மூடியிட்டுக் கீழ்நோக்கி வைக்கலாம்.

இரண்டாம் சாமம்

பத்து மணி வாக்கில் தெற்கே தாழ்வாக அகத்தியர் மீனையும் தலைக்குமேல் திருவாதிரையையும் பார்த்துவிட்டு ஒரு தூக்கம் போடுவது நல்ல வழக்கம். கட்டிலிலோ வண்டிக்குள்ளோ, கம்பளியை முகம்வரை இழுத்துக்கொண்டு. மூடிய இமைக்குள் கண் இருட்டிலேயே ஊறிக் கிடப்பதால், எழுந்திருக்கும்போது பார்வை முழுதாகப் பழகியிருக்கும். நாலரை மணிக்குத் தெற்கு வானில் ஒமேகா சென்டாரி ஏறி நிற்கும். சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட பந்து, வெறுங்கண்ணுக்கு ஊதிவிட்ட மூச்சுப்போலத் தெரியும். முதலில் விழித்தவர் மற்றவர்களை எழுப்ப டார்ச் அடிக்க வேண்டாம். தோளைத் தொட்டு எழுப்பி, தெற்கே கையைக் காட்டினால் போதும்.