என் ராணி ஏன் தோற்றது?

2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய 'தம்பி' குதிரையை எல்லா இடத்திலும் பார்த்தோமே, ஞாபகம் இருக்கா? அப்போ பிடித்த ஆசை. போன முழு ஆண்டு லீவில்தான் அம்மா போனில் லிச்செஸ் ஆட ஆரம்பித்தேன். காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. ராத்திரி அரைமணி நேரம் போன் கிடைக்கும்.

புதிதாகச் சேர்ந்தால் 1500 புள்ளி கொடுத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார்கள். 'இவர் எப்படி ஆடுவார் என்று இன்னும் தெரியாது' என்று அர்த்தம். நான் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரே வாரத்தில் 1040!

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று, நாலே நகர்த்தலில் மேட். எதிராளி ராஜாவுக்குப் பக்கத்து பிஷப்பின் முன்னால் நிற்கும் சிப்பாயை ஆரம்பத்தில் ராஜா மட்டும்தான் காக்கும். ராணியும் பிஷப்பும் அதைக் குறி வைத்தால் கதை முடிந்தது. எங்க தெருவில் எல்லாரையும் இப்படித்தான் ஜெயித்தேன்.

போனில் ஆடியவர்கள் ஏமாறவில்லை. குதிரைக்கு முன்னால் உள்ள சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ராணியை விரட்டினார்கள். பின்வாங்கி மறுபடி குறி வைத்தால், குதிரையைக் குறுக்கே நிறுத்தினார்கள். அப்புறம் அடுத்த குதிரை நடுவில் குதித்துத் திரும்பவும் விரட்டும். நான் ராணியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பேன். அவர்கள் காய் எல்லாம் வெளியே வந்துவிடும், என் குதிரைகள் இரண்டும் லாயத்தில் தூங்கும்!

ஒருநாள் அழுகையே வந்துவிட்டது. மறுநாளிலிருந்து தோற்ற ஆட்டத்தை ரஃப் நோட்டில் எழுதினேன். 20 ஆட்டத்தில் 13-ல், முதல் பத்து நகர்த்தலுக்குள் ராணி மூணு தடவைக்கு மேல் நடந்திருந்தது. எனக்கே வெட்கமாப் போச்சு.

இப்போ குதிரை, பிஷப், ராஜாவுக்குக் கோட்டை, அப்புறம்தான் ராணி. தினம் ஒரே ஆட்டம், மீதி நேரம் தப்பைத் தேடுவேன். பார்க்க சப்பென்று இருக்கும், ஆனால் 1290 வந்திருக்கிறது. அவசரம் மட்டும் போகலை. போன வாரம் ஒரு ராணி அதிகம் வைத்திருந்தும், செக் கொடுக்காமல் எதிராளி ராஜாவை நகர விடாமல் அடைத்து டிரா ஆக்கிவிட்டேன்.

குறுவட்டப் போட்டியில் போன் கிடையாது. தொட்ட காயைத்தான் நகர்த்தணும். எனக்கு யோசிக்கும்முன் தொடுகிற பழக்கம்! அதனால் மதியம் சாப்பிட்டதும் வேப்பமரத்தடியில் போர்டோடு இருப்பேன். யார் வந்தாலும் சரி, வெள்ளைக் காய் உங்களுக்கே.