காத்திருத்தல் மருந்தாகாது

சிராங்கூன் சாலை,
சிங்கப்பூர்

அன்புள்ள மகளுக்கு,

பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டில் படிக்கும் உன் மகன் கதை சொல்வதில் சூரனாகவும் ஒருமுறை கேட்டதை மறவாதவனாகவும் இருந்தும், எழுத்தைக் கண்டால் மட்டும் முகம் வாடி விலகிப் போகிறான் என்றும், வீட்டுப் பெரியவர்களோ, 'ஆண்பிள்ளை சற்றுத் தாமதமாகத்தான் படிப்பான், வளர வளரத் தானே சரியாகிவிடும்' என்று உன்னைத் தேற்றுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அவர்களுடைய வாஞ்சையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த யோசனையை நீ ஏற்கலாகாது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

சென்ற தீபாவளிச் சமயத்தில் அவனைப் பஃபலோ சாலை வழியாக அழைத்துச் சென்றேன். பூக்கடை எது, காய்கறிக்கடை எது என்று நான் கேட்குமுன்பே சொல்லிக்கொண்டு வந்தவன், 'தேக்கா' என்று எழுதியிருந்த பலகையைக் காட்டி, "இது எந்த ஒலியில் தொடங்குகிறது?" என்று நான் கேட்டதும், இரட்டைக் கொம்பைச் சுட்டிவிட்டு மேலே செல்ல வழியறியாமல் நின்றான். கண்ணுக்கு முதலில் தென்படுவது கொம்பு. காதுக்கு முதலில் கேட்பதோ தகரம். இந்த முரண்பாட்டை மற்றப் பிள்ளைகள் பழக்கத்தினாலேயே கடந்துவிடுகிறார்கள். சொல்லை ஒலிகளாகப் பிரித்து உணர்வதிலேயே சிரமப்படும் பிள்ளைக்கு, ஒருவர் அருகிலிருந்து படிப்படியாக விளக்கினாலன்றி அது விளங்குவதில்லை. கடல், அகம், தங்கம் என்ற மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. ஆங்கிலத்திலோ 26 எழுத்துகள் 40-க்கு மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கின்றன. நம் ஊர்க் குழந்தை இந்த இரண்டு லிபிகளையும் ஒரே வயதில் கற்க வேண்டியிருக்கிறது.

அவனுக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறை உண்டென்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அதைக் கல்வி உளவியலாளர்தாம் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு நீ அஞ்ச வேண்டாம். 1896-ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில வைத்தியர், வாசிக்க இயலாத பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ சஞ்சிகையில் எழுதியபோது, பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் குறித்திருக்கிறார். நம் முதல் பிரதமர் லீ குவான் இயூ அவர்களே தமக்கும் இலேசான அளவில் இக்குறை உண்டென்று 1996-இல் பகிரங்கமாகச் சொன்னார். புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சோம்பலுக்கும் சம்பந்தமில்லை.

காத்திருப்பதால் என்ன நஷ்டம் என்று கேட்பாய். 1988-இல் கோனி ஜூயல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 54 குழந்தைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்து வெளியிட்ட முடிவின்படி, முதல் வகுப்பின் இறுதியில் வாசிப்பில் பின்தங்கியிருந்த குழந்தை நான்காம் வகுப்பிலும் பின்தங்கியே இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 88. வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஒரு கிரமத்தோடு வெளிப்படையாகக் கற்பிப்பதே பயன் தருவது என்றும், பாலர் வகுப்பிலோ முதல் வகுப்பிலோ தொடங்கினால் பயன் மிகுதி என்றும் கண்டது. காலம் கடந்தால் கற்கவே முடியாது என்பதல்ல. கடக்கக் கடக்கப் பிரயத்தனம் பெருகுகிறது, அதற்குள் தான் மந்தன் என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் வேரூன்றிவிடுகிறது.

ஆகவே எந்தப் போதனை என்பதில் நீ பிடிவாதமாக இருக்க வேண்டும். பயிற்சித்தாள்களை மேலும் மேலும் குவிக்கும் துணைப்பாட வகுப்பு இதற்குப் பரிகாரமன்று. சரளி வரிசை படியாதவனுக்குக் கீர்த்தனைகளை இரட்டிப்பாகச் சொல்லிக்கொடுப்பதைப் போன்றது அது. சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்ஹாம் என்ற இருவர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த வழியில் கற்பிக்கும் ஆசிரியர், ஓர் எழுத்தைக் காட்டி, அதன் ஒலியைச் சொல்லச் செய்து, சொல்லும்போதே விரலால் அதை எழுதவும் செய்து, கண்ணும் காதும் கையும் ஒருங்கே பழகிய பின்னரே அடுத்த எழுத்துக்குப் போகிறார். நேற்றுக் கற்றதை இன்று சோதிக்காமல் புதியதைத் தொடுவதில்லை. வீட்டில் நீயும் ஒன்று செய்யலாம். 'பட்டம்' என்று சொல்லி, அதன் முதல் ஒலியை எடுத்துவிட்டுச் 'ச்' என்ற ஒலியை வைத்தால் என்ன சொல், 'க்' என்ற ஒலியை வைத்தால் என்ன சொல் என்று கேள். சட்டம், கட்டம் என்று அவன் தானே கண்டுபிடிக்கட்டும். புத்தகம் வேண்டாம், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் போதும்.

இதற்கெல்லாம் வழியில்லாத ஊரில் நாம் வாழவில்லை. தொடக்கநிலை ஒன்றின் ஆரம்பத்திலேயே வாசிப்பில் பின்தங்கியவர்களைக் கண்டறிந்து, கற்றல் ஆதரவுத் திட்டத்தில் சேர்க்கிறார்கள். டிஸ்லெக்சியா உள்ள மூன்றாம், நான்காம் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குச் சிறு குழுக்களாகக் கற்பிக்கும் திட்டத்தைக் கல்வி அமைச்சு 2012-இல் தொடங்கி, 2016-க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தியது. 1991-இல் அமைந்த சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் வட்டாரந்தோறும் நிலையங்கள் நடத்துகிறது. வசதி குறைந்த குடும்பங்களுக்கு உதவித்தொகையும் தருகிறது. குழந்தை வளர்ச்சிப் பிரிவு உள்ள கேகே மருத்துவமனையோ தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரந்தான். ஆயினும் பள்ளியில் இக்குறைக்கென்றே உள்ள பிரத்தியேகத் திட்டம் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்குவதால், அதற்கு முந்தைய விலைமதிப்பற்ற ஆண்டுகளைக் காப்பது பெற்றோரின் விழிப்பைப் பொறுத்தது. கேட்கிற தாய்க்குத்தான் கதவுகள் சீக்கிரம் திறக்கின்றன, கேட்பதற்குக் கூசாதே.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. இரண்டு மொழிகளால்தான் குழந்தை குழம்புகிறான் என்று யாரேனும் சொன்னால், அவனோடு தமிழ் பேசுவதை நிறுத்திவிடாதே. இருமொழிச் சூழல் டிஸ்லெக்சியாவை உண்டாக்குவதில்லை, பாட்டியிடம் அவன் கேட்கும் கதைகளே அவனுடைய சொல்வளத்துக்கு ஆதாரம். வண்ணக் கண்ணாடி, கண்பயிற்சி என்று விற்பனைக்கு வருபவற்றில் பணத்தைப் போடாதே. அவை வாசிப்பைத் திருத்தும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. பார்வையையும் செவியையும் மட்டும் ஒருமுறை முறையாகப் பரிசோதித்துவிடு.

இந்த வாரத்திலேயே அவனுடைய ஆசிரியையைச் சந்தித்து, எந்தெந்த எழுத்துகளில், எந்தெந்த ஒலிகளில் தடுமாறுகிறான் என்பதை எழுதி வாங்கு. அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றில் சேர்க்கும்போது, பள்ளி தானே கண்டுபிடிக்கட்டும் என்று இராமல், முதல் வாரத்திலேயே அக்குறிப்பை வகுப்பாசிரியரிடம் கொடு. பிறகு, இதே கவலையை வெளியே சொல்ல நாணும் பிற தாய்மாரிடமும் கூச்சமின்றிப் பேசு. நூற்றுக்கு நான்கு முதல் பத்துப் பிள்ளைகள் வரை இக்குறை உள்ளவர்கள் என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் நம் சமூகத்தில் எத்தனை வீடுகளில் இது மறைத்துவைக்கப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப்பார். நீ பேசினால் அவர்களும் பேசுவார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் காலத்தில் கற்பார்கள்.

இக்கடிதத்தை உன் மாமியாருக்கும் வாசித்துக் காட்டு. பேரன் மேல் அவர் வைத்திருக்கும் அன்பு காத்திருக்கச் சொல்கிறது. அதே அன்பு இப்போதே புறப்படவும் சொல்லும் என்று நான் நம்புகிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
பெரியப்பா